கராஜிலிருந்து பதின்மூன்றாம் மாடிக்கு



இரண்டரை நிமிடம் ஓடுகிற ஒரு பாடலிலிருந்து தொடங்குகிறேன். 'யூ ஆர் கோனா மிஸ் மீ' என்று பெயர். 1966-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகர இளைஞர்கள் ஐந்து பேர் பதிவு செய்தது. குழுவின் பெயர் தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ். அந்த நாட்டில் பல உயர்ந்த கட்டடங்களில் 13-ஆம் எண் ராசியில்லாதது என்று எந்த மாடிக்கும் அந்த எண்ணைப் போடமாட்டார்கள். இல்லாத மாடிக்குப் போகிற லிஃப்ட் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பாடியவர் ராக்கி எரிக்சன். அப்போது அவருக்கு 18 வயது.

பாட்டின் விஷயம் புதிதல்ல. தன்னை மதிக்காத காதலியிடம், நான் போன பிறகுதான் என் அருமை உனக்குத் தெரியும் என்று ஒரு பையன் கோபமும் அழுகையுமாகக் கத்துகிறான். மெட்டும் கிட்டார் பழகத் தொடங்கியவர் ஒரு மாலையில் பிடித்துவிடக்கூடியதுதான். ஆனால் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் அடியில் இன்னொரு சத்தம் முதலிலிருந்து கடைசிவரை ஓடுகிறது. 'டுக்குடுக்குடுக்கு' என்று குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது. பாட்டின் தாளத்தோடு அது முழுதாகச் சேர்வதுமில்லை, விலகிப் போவதுமில்லை. அமெரிக்க ராக் இசை எந்த இடத்தில் திரும்பியது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தச் சத்தத்தைத்தான் காட்டுவேன்.

அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கராஜ் ராக், அதாவது பள்ளிக்கூடப் பையன்களின் முரட்டு இசை. அந்தப் பக்கம் சைக்கடெலிக் ராக், அதாவது மனத்தின் உள்ளறைகளைத் திறந்து பார்க்கக் கிளம்பிய இசை. முன்னது வளர்ந்து பின்னது ஆயிற்று, பின்னது வந்ததும் முன்னது உதிர்ந்துவிட்டது என்பது வழக்கமான கதை. எலிவேட்டர்ஸ் விஷயத்தில் இந்தக் கதை பொருந்தாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. அவர்கள் கராஜை விட்டு வெளியே வரவே இல்லை. அந்த முரட்டுத்தனம்தான் அவர்களுடைய பரிசோதனையைத் தரையில் நிற்க வைத்தது. அது கைநழுவிய இடங்களில், அவர்களுக்கும் சரி, மற்றவர்களுக்கும் சரி, இசை தடுமாறியிருக்கிறது.

முதலில் கராஜ் எது என்று பார்த்துவிடுவோம். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடினார்கள். அன்றிரவு அதைப் பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர். அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவின் ஊர்களிலெல்லாம் பையன்கள் கிட்டார் வாங்கினார்கள். ஒத்திகைக்கு வீட்டில் இடம் கிடையாது, அப்பாவின் காரை வெளியே நிறுத்திவிட்டுக் கார் கொட்டகையில் வாசித்தார்கள். பள்ளி நடனம், உள்ளூர் கிளப், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சிறு கம்பெனியில் ஒரே ஒரு சிங்கிள், பிறகு கல்லூரி அல்லது வியட்நாம். பெரும்பாலான குழுக்களின் வரலாறு இவ்வளவுதான்.

அவர்களுக்கு முன்மாதிரியாகப் பீட்டில்ஸுக்கு முன்பே ஒரு பாட்டு இருந்தது. போர்ட்லாண்ட் நகரத்து கிங்ஸ்மென் குழு 1963-இல் பதிவு செய்த 'லூயி லூயி'. மூன்றே கார்டுகள். பாடியவருடைய உச்சரிப்பு ஒருவருக்கும் விளங்காமல், ஆபாசமாக ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு எஃப்பிஐ விசாரணையே நடத்தியது. ஒன்றும் தேறவில்லை. நன்றாகப் பாடத் தெரியாவிட்டாலும் பாடலாம் என்ற துணிச்சலை அந்த இசைத்தட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தது. பிறகு 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபாக்ஷன்' வந்தது. கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டி ஒவ்வொரு பையனின் காலடிக்கும் வந்து சேர்ந்தது. கருவியின் இயல்பான ஒலியைக் கெடுத்து அழகு காண்பது என்ற எண்ணம் அப்போதே உள்ளே நுழைந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். போதைப்பொருள் பேச்சுக்கே நாம் இன்னும் வரவில்லை.

ஆஸ்டினுக்குப் போவோம். ராக்கி எரிக்சன் பள்ளிப்படிப்பை முடிப்பதற்குச் சில வாரங்களே இருந்தபோது, முடியை வெட்டு என்ற பள்ளியின் உத்தரவுக்கு மறுத்துப் படிப்பை விட்டவர். ஸ்பேட்ஸ் என்ற கராஜ் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். நான் முதலில் சொன்ன பாட்டு உண்மையில் அந்தக் குழுவோடு 1965-இல் அவர் ஏற்கெனவே பதிவு செய்ததுதான். அந்தப் பழைய பதிவு இன்றும் கிடைக்கிறது. ஆவேசமான, நேரான கராஜ் பாட்டு, அதற்கு மேல் இல்லை.

அவரைக் கேட்டவர்களில் ஒருவர் டாமி ஹால். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வாசிப்பு வெறி பிடித்தவர், குர்ஜீஃப், கோர்சிப்ஸ்கி போன்றோரின் தத்துவங்களைக் கரைத்துக் குடித்தவர். ராக் குழு ஒன்றின் வழியாக மக்களின் சிந்தனை முறையையே மாற்றலாம் என்று நம்பினார். லிங்ஸ்மென் என்ற குழுவில் ஸ்டேசி சதர்லண்ட் கிட்டாரும் ஜான் ஐக் வால்டன் டிரம்ஸும் பென்னி தர்மன் பேஸும் வாசித்தார்கள். ராக்கியைக் கொண்டுபோய் அவர்களோடு சேர்த்துவைத்தவர் ஹால். 1965-இன் கடைசியில் எலிவேட்டர்ஸ் பிறந்தது.

இப்போது ஹாலுக்கு ஒரு பிரச்சினை. அவர் பாடகர் அல்ல, கிட்டார் கலைஞரும் அல்ல. குழுவுக்குப் பாட்டு வரிகள் எழுதுவார், மேடையில் என்ன செய்வார்? அவர் ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களின் பழைய தெருவோரக் குழுக்களில் ஜாடி ஒரு கருவி. கழுத்து குறுகிய ஜாடியின் வாயருகே உதட்டைக் கொண்டுபோய், உதடு அதிர ஊதினால் ஆழமான பேஸ் சுரம் வரும். பேஸ் வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்கள் கண்டுபிடித்த வழி. நம்முடைய கடம் நினைவுக்கு வரலாம். ஆனால் கடத்தில் கை பேசுகிறது, இதில் மூச்சு பேசுகிறது. ஹால் அந்த முறையையும் மாற்றினார். ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஊதுவதற்குப் பதிலாகத் தொண்டையாலும் நாக்காலும் வேகமாக ஒலியெழுப்பினார். ஜாடிக்குள் இருக்கும் காற்று அதை வாங்கிச் சுழற்றித் திருப்பித் தந்தது, மைக் அதைப் பெரிதாக்கியது. இதற்குத்தான் எலெக்ட்ரிக் ஜக் என்று பெயர் வந்தது.

இந்தச் சத்தம் பாட்டுக்கு என்ன செய்தது? ராக் பாட்டில் கேட்பவரின் உடல் ஒரு அடிக்காகக் காத்திருக்கும். டிரம் அந்த அடியைக் கொடுக்கும். இதற்கு நடுவே, வேறொரு வேகத்தில், எந்த அடியிலும் வந்து இறங்காத ஒரு ஓசை ஓடிக்கொண்டிருந்தால், கேட்பவரின் கவனம் இரண்டாகப் பிரிகிறது. கால் ஒன்றைப் பின்பற்றுகிறது, மனம் இன்னொன்றைத் துரத்துகிறது. ஸ்பேட்ஸ் பதிவையும் எலிவேட்டர்ஸ் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது உடனே புரியும். மெட்டு அதே மெட்டு, அலறல் அதே அலறல். ஆனால் முதல் பதிவில் ஒரு பையனின் கோபம் கேட்கிறது, இரண்டாவதில் அவன் நிற்கிற அறையே நிலையாக இல்லை. ஒரு பாட்டை விட்டு இன்னொரு வகைப் பாட்டுக்குத் தாவாமல், அதே பாட்டுக்குள்ளேயே திருப்பம் நடந்துவிட்டது.

எல்எஸ்டியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1966-இன் தொடக்கத்தில் அது டெக்சஸில் சட்டவிரோதம் அல்ல. கஞ்சாதான் கொடிய குற்றம், சிறு அளவு கையில் இருந்தாலே பல ஆண்டுச் சிறை. எலிவேட்டர்ஸ் உறுப்பினர்கள் அந்த ஆண்டு ஜனவரியிலேயே கஞ்சா வழக்கில் கைதானார்கள். எல்எஸ்டியை ஹால் ஒரு ஞானமார்க்கமாகவே நினைத்தார், வாசிக்கும்போது குழுவினர் அதை உட்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். டிரம்மர் வால்டன் இதற்கு உடன்படவில்லை. இதை ஒரு துணுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இது மையமான செய்தி. அந்தப் பாடல்கள் நூல் பிடித்தபடி நிற்பதற்குக் காரணமான தாளம், தெளிந்த தலையோடு உட்கார்ந்திருந்த ஒருவரின் கையிலிருந்து வந்தது. மருந்துதான் இந்த இசையைச் செய்தது என்று சொல்கிறவர்கள் டிரம்ஸைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

'யூ ஆர் கோனா மிஸ் மீ' அந்த ஆண்டு பில்போர்டு பட்டியலில் 55-ஆம் இடம்வரை ஏறியது. இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற ஹூஸ்டன் கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய் ஆவலான் அரங்கில் வாசித்தார்கள். அங்கிருந்த புகழ்பெற்ற குழுக்கள் பல நாட்டுப்பாடல் மரபிலிருந்து கிளம்பியவை. டெக்சஸ்காரர்களின் சத்தத்தில் இருந்த ஆவேசம் வேறு. டெக்சஸில் வளர்ந்த பாடகி ஜானிஸ் ஜாப்ளின் அந்த ஆண்டு இவர்களோடு சேர்ந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பயனில்லை.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் டல்லஸில் அவசரமாகப் பதிவு செய்யப்பட்ட முதல் எல்பி 'தி சைக்கடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் தி தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்'. சைக்கடெலிக் என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கி வந்த முதல் சில எல்பிகளில் ஒன்று. உறையின் பின்பக்கத்தில் ஹால் ஒரு தத்துவ விளக்கமே எழுதியிருந்தார். எனக்கு அந்தக் கட்டுரையைவிட 'ரோலர் கோஸ்டர்' என்ற பாட்டு அதிகம் சொல்கிறது. சதர்லண்டின் கிட்டார் கீழ்ச் சுரங்களில் மெதுவாகச் சுற்றிவருகிறது, திடீரென்று முழுக் குழுவும் வேகம் பிடிக்கிறது, மறுபடி தணிகிறது. அனுபவத்தின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் வர்ணிக்கவில்லை, வேகத்தை மாற்றியே காட்டிவிட்டார்கள். சதர்லண்ட் ஆம்ப்ளிஃபையரின் ரிவெர்ப் விசையை நன்றாகத் திருப்பி வைத்து வாசிப்பார். ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் ஒரு குகை இருப்பதாகத் தோன்றும். விலையுயர்ந்த ஸ்டுடியோ தந்திரம் ஒன்றுமே இல்லை.

இதே மாதங்களில் லாஸ் ஏஞ்சலஸில் வேறொரு விதமான திருப்பம் நடந்தது. அதை ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் நான் சொல்வது பாதிதான் நிற்கும். எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ் என்ற குழு, ஜேம்ஸ் லோவ் பாடகர். இவர்களும் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒத்திகை பார்த்து வளர்ந்த கராஜ் பையன்கள்தான். தயாரிப்பாளர் டேவ் ஹாசிங்கர், 'சாடிஸ்ஃபாக்ஷன்' பதிவில் ஒலிப்பொறியாளராக இருந்தவர். 1966 நவம்பரில் வந்த இவர்களுடைய 'ஐ ஹேட் டூ மச் டு ட்ரீம்' 1967-இல் 11-ஆம் இடத்துக்குப் போனது. தொடக்கத்தில் ஒரு வண்டு பெரிதாகிக்கொண்டே காதை நோக்கி வருவதுபோல ஒரு ரீங்காரம் வரும். இசைக்கலைஞர் லியோன் ரஸ்ஸலின் வீட்டில் ஒத்திகைப் பதிவு நடந்தபோது, டேப்பைத் திருப்பிப் போட்டதில் குழுவின் கென் வில்லியம்ஸ் முன்பு வாசித்திருந்த கிட்டார் தலைகீழாக ஒலித்தது. லோவ் அதைக் கேட்டதும் அழிக்கவேண்டாம் என்று வெட்டிவைத்துக்கொள்ளச் சொன்னார். விபத்தை விபத்து என்று விட்டுவிடாத அந்தக் காது அவர்களுடையது.

ஆனால் பாட்டு அவர்களுடையது அல்ல. ஆனெட் டக்கர், நான்சி மான்ட்ஸ் என்ற இரு தொழில்முறைப் பாடலாசிரியர்கள் எழுதியது. முதல் எல்பியின் 12 பாடல்களில் குழுவினர் எழுதியவை இரண்டே இரண்டு. அடுத்த எல்பியில் கொஞ்சம் இடம் கிடைத்தது, அதுவே அவர்களுடைய நல்ல வேலை என்பது என் கருத்து. பிறகு 1968-இல் டேவிட் ஆக்ஸல்ராட் என்ற தேர்ந்த இசையமைப்பாளர் கத்தோலிக்கப் பூசையின் லத்தீன் வாசகங்களுக்கு ராக் இசை அமைத்த 'மாஸ் இன் எஃப் மைனர்' அவர்கள் பெயரில் வந்தது. தாளில் எழுதிய இசையைப் படித்து வாசிக்கும் பழக்கம் குழுவில் பெரும்பாலோருக்கு இல்லை. பதிவின் வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, கனடாவிலிருந்து வந்த கலெக்டர்ஸ் குழுவினரும் பிற கலைஞர்களும் சேர்ந்து முடித்துக்கொடுத்தார்கள். அதன் முதல் பகுதி 'ஈஸி ரைடர்' படத்தில் இடம்பெற்று உலகமெங்கும் கேட்டது. ஆக்ஸல்ராட்டின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கார் கொட்டகையில் தொடங்கியவர்கள் தங்கள் சொந்த இசைத்தட்டிலேயே விருந்தாளிகள் ஆகிவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய உறுப்பினர் ஒருவரும் இல்லை, பெயரில் வேறு ஆட்கள் வாசித்தார்கள். பெயர் தயாரிப்பாளரின் கையில் இருந்தது.

எலிவேட்டர்ஸுக்குத் திரும்புகிறேன். 1967-இல் வந்த இரண்டாவது எல்பி 'ஈஸ்டர் எவ்ரிவேர்'. வால்டன் போய்விட்டார், டானி தாமஸ் டிரம்ஸுக்கு வந்தார். முதல் பாட்டு 'ஸ்லிப் இன்சைட் திஸ் ஹவுஸ்', எட்டு நிமிடம். ஒரே கிட்டார் வளையம் திரும்பத் திரும்ப வர, அதன் மேல் ராக்கி கத்தாமல், கதை சொல்கிற குரலில் அடுக்கடுக்காகப் பாடிக்கொண்டே போகிறார். கிறித்தவமும் கீழைத் தத்துவங்களும் ஹாலின் வரிகளில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எல்லா வரிகளும் தேறும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எட்டு நிமிடம் அந்த வளையம் தளராமல் சுழல்வதற்கு, பள்ளி நடனங்களில் மணிக்கணக்காக ஒரே தாளத்தைப் பிடித்த கைகள் வேண்டும்.

அந்த நாட்களின் ராக் இசைக்குள் இந்திய இசையும் வந்துகொண்டிருந்தது. 1965-இல் யார்ட்பேர்ட்ஸ் 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' பாட்டுக்கு முதலில் சிதார் கலைஞரை அழைத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஜெஃப் பெக்கின் ஃபஸ் கிட்டாரால் அந்த ஒலியைக் கொண்டுவந்தார்கள். பேர்ட்ஸ் குழுவினர் ரவிசங்கரின் இசைத்தட்டுகளை விரும்பிக் கேட்டார்கள். தன் இசை போதையோடு சேர்த்துப் பேசப்படுவதை ரவிசங்கர் வெளிப்படையாகக் கண்டித்தார், அவர் கண்டித்தது நியாயம். பல ஆண்டுச் சாதகத்தால் கிடைக்கும் ஒருமுகத்தை மாத்திரையில் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வலித்திருக்கும்.

எலிவேட்டர்ஸ் அந்த எண்ணத்துக்குக் கொடுத்த விலை பெரிது. 1968-இல் சான் அன்டோனியோவில் மேடையில் ராக்கியின் பேச்சு குழறியது. மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் கண்டார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். 1969-இல் ஆஸ்டினில் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டு கையில் இருந்ததற்காகக் கைதானார். பத்தாண்டுச் சிறையைத் தவிர்க்க, மனநிலை சரியில்லாதவர் என்று வாதாடினார்கள். விளைவு, கொலைக் குற்றவாளிகளும் அடைபட்டிருந்த ரஸ்க் அரசு மருத்துவமனை. 1972 வரை அங்கே இருந்தார். நோயுற்ற ஓர் இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு, சிகிச்சை என்ற பெயரில், ஒரு சுருட்டுக்காக அரசு கொடுத்த தண்டனை இது. விடுதலையான மறு ஆண்டே டெக்சஸ் தன் கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்தியது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. ராக்கியின் கதையைப் பித்துப்பிடித்த மேதையின் கதையாக ரசித்துச் சொல்கிறவர்களிடமும் எனக்கு அதே கோபம் உண்டு. அவர் அந்த மருத்துவமனைக்குள்ளும் அங்கிருந்தவர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்து வாசித்தார், பாட்டு எழுதினார். அவரைக் காப்பாற்றியது பித்து அல்ல, பழகிய வேலை.

இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியின் வேலையையும் சொல்லவேண்டும். 1968-இல் எலிவேட்டர்ஸின் 'லைவ்' என்று ஓர் எல்பி வெளியிட்டார்கள். அதில் இருப்பவை ஸ்டுடியோவில் எஞ்சிக் கிடந்த பதிவுகள், மேலே கைதட்டலை ஒட்டினார்கள். 1969-இல் வந்த கடைசி எல்பி 'புல் ஆஃப் தி வுட்ஸ்' பெரும்பாலும் சதர்லண்ட் தனியாகத் தூக்கிச் சுமந்தது. அத்தோடு குழு முடிந்தது. சதர்லண்ட் 1978-இல் ஹூஸ்டனில் வீட்டுச் சண்டையில் சுடப்பட்டு இறந்தார்.

1972-இல் லென்னி கே தொகுத்த 'நக்கெட்ஸ்' என்ற இரட்டை எல்பி இந்தக் குழுக்களை மறதியிலிருந்து மீட்டது. 27 பாடல்கள். முதல் பாட்டு ப்ரூன்ஸுடையது, எலிவேட்டர்ஸின் பாட்டும் உள்ளே இருக்கிறது. தலைப்பின் துணை வரியிலேயே சைக்கடெலிக் யுகம் என்று போட்டிருந்தார்கள். இன்று நாம் கராஜ் என்று பிரித்துச் சொல்லும் பாடல்களை அந்தத் தொகுப்பாளர் அந்த யுகத்தின் பாடல்கள் என்றே பார்த்தார். கோடு பிற்பாடு கிழிக்கப்பட்டது.

ராக்கி நெடுங்காலம் நோயோடு வறுமையில் இருந்தார். 2001-இல் தம்பி சம்னர் சட்டப்படி பொறுப்பேற்றுச் சரியான சிகிச்சைக்கு வழி செய்தார். அதன் பிறகு அவர் மேடைக்குத் திரும்பினார், 2010-இல் ஆஸ்டினின் ஓக்கர்வில் ரிவர் குழுவோடு ஓர் அருமையான ஆல்பம் கொடுத்தார். 2015-இல் ஹால், வால்டன், குழுவில் பின்னர் பேஸ் வாசித்த ரானி லெதர்மன் ஆகியோரோடு ஆஸ்டினில் ஓர் இசை விழாவில் மறுபடி ஒரே மேடையில் நின்றார். அந்த விழாவுக்கே அவர்களுடைய 'லெவிடேஷன்' பாட்டின் பெயர்தான். 2019-இல் காலமானார்.

சதர்லண்டைப் பற்றி நான் இன்று போதுமான அளவு சொல்லவில்லை. பாடகரின் துயரமும் ஜாடிக்காரரின் தத்துவமும் பேச்சை எடுத்துக்கொண்டுவிடுகின்றன, கிட்டார்காரர் ஓரத்தில் நிற்கிறார். அதனால் 'ஸ்லிப் இன்சைட் திஸ் ஹவுஸ்' பாட்டை இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். எட்டு நிமிடம்தான். குரலையும் ஜாடியையும் விட்டுவிட்டு, அந்தக் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அதன் பிறகு கேள்விகளுக்கு வருவோம்.